கெட், டெலீட் ஒரு பக்கம், ஏஆர்பி இன்னொரு பக்கம்: இரண்டும் எங்கே சந்திக்கின்றன?

கற்றுக்குட்டி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வெப் புரோகிராமிங் படித்துக்கொண்டிருக்கிறேன், கூடவே நெட்வொர்க் அடிப்படைகளும். இரண்டு பாடத்திலும் 'ரெக்வெஸ்ட்' என்ற சொல் வந்துகொண்டே இருக்கிறது: ஒன்றில் கெட், டெலீட் போன்ற எச்டிடிபி மெத்தட்கள் (வெப் சர்வரிடம் என்ன செய்யச் சொல்கிறோம் என்பதைக் குறிக்கும் சொற்கள்), மற்றதில் ஏஆர்பி (ஒரு ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் முகவரியை, கேட்டறியும் முறை). எது எதோடு சேரும் என்று பிடிபடவில்லை.

என் ஏற்பாடு இதுதான். ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, குறிப்புகளைச் சேமிக்கும் ஒரு சின்ன ஏபிஐயை ஓடவிட்டிருக்கிறேன். முகவரி 192.168.1.40, போர்ட் 8000. நான் உட்கார்ந்து எழுதும் மெஷின் 192.168.1.12, அதுவும் லினக்ஸ்தான். இரண்டும் வைஃபையில்.

நேற்று பிரவுசரில் குறிப்புகள் பட்டியல் ஒழுங்காக வந்தது. கர்ல் (கட்டளை வரியிலிருந்து ரெக்வெஸ்ட் அனுப்பும் கருவி) வழியாக டெலீட் அனுப்பினால் 405 (இந்த மெத்தட் இங்கே செல்லாது) என்றது. நெட்வொர்க் பக்கம் ஏதோ தடுக்கிறது என்று நினைத்து பக்கத்து மெஷின்களின் ஐபி, மேக் முகவரிப் பட்டியலைக் காட்டும் 'ஐபி நெய்' கட்டளை போட்டுப் பார்த்தேன். 40-க்கு நேராக 'ஸ்டேல்' என்று இருந்தது. அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி அனுப்பினேன். மறுபடியும் 405.

இன்று வேறு கதை. கெட், டெலீட், எது அனுப்பினாலும் சில விநாடி நின்றுவிட்டு 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்கிறது. ஐபி நெய்யில் 'ஃபெயில்ட்'. ஆனால் இரண்டு மெஷினிலும் இன்டர்நெட் நன்றாக வருகிறது. சர்வர் லேப்டாப்பிலேயே உட்கார்ந்து 127.0.0.1-க்கு அனுப்பினால் எல்லாமே வேலை செய்கிறது.

டெலீட் மெத்தடை ரவுட்டர் தடுக்க முடியுமா? ஏஆர்பி ரெக்வெஸ்ட்டும் கெட் ரெக்வெஸ்ட்டும் ஒரே வகையா? இன்னொன்று: நான் தினமும் திறக்கும் வெளித்தளங்கள் எதுவுமே அந்த ஐபி நெய் பட்டியலில் இல்லையே, ஏன்?

---

பாக்கெட்_பொறுக்கி பதில்:

உங்களுக்கு வந்திருக்கிறது ஒரு பிரச்சினை இல்லீங்க, ரெண்டு. நேத்து வந்ததுக்கும் இன்னைக்கு வந்ததுக்கும் ஒட்டு உறவே கிடையாது. தனித்தனியாப் பிரிச்சுட்டீங்கன்னா பாதி குழப்பம் போயிடும்.

405-ஐ எடுத்துக்குவோம். அதைச் சொன்னது யாரு? 40-ல ஓடற உங்க புரோகிராம். அது பதில் சொல்லணும்னா உங்க ரெக்வெஸ்ட் அதுகிட்ட போய்ச் சேர்ந்திருக்கணும். போய்ச் சேரணும்னா ரெண்டு மெஷினுக்கும் நடுவுல டிசிபி இணைப்பு (எச்டிடிபி ஏறிப் போற ஓடை) அமைஞ்சிருக்கணும். இணைப்பு அமையணும்னா 40-ஓட மேக் முகவரி உங்க மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கணும். அதனால மூணு இலக்கத்துல ஒரு எண் திரும்பி வந்துட்டா, 200-ஓ 404-ஓ 405-ஓ, ஏஆர்பி பக்கம் போய்த் தேடாதீங்க. அந்த வேலை எப்பவோ முடிஞ்சு போச்சு.

அப்போ 405-க்கு எங்கே தேடறது? பதிலோட ஹெடர்லயே இருக்கு. 405 அனுப்பற சர்வர் 'அலவ்'ங்கற ஹெடரையும் கட்டாயம் சேர்த்து அனுப்பணும்னு எச்டிடிபி விதிகளை வரையறுக்கற ஆவணமான ஆர்எஃப்சி 9110 சொல்லுது. இந்த முகவரியில எந்தெந்த மெத்தட் செல்லும்னு அதுல எழுதியிருக்கும். கர்ல்ல வெர்போஸ் ஆப்ஷன் போட்டு அதைப் படிங்க. என் ஊகம், நீங்க டெலீட் அனுப்பினது முழுப் பட்டியலோட முகவரிக்கு. தனிக் குறிப்பு ஒண்ணோட முகவரிக்கு இல்லை.

ரவுட்டர் தடுக்குமான்னு கேட்டீங்க. வைஃபை ரவுட்டர் உங்க பாக்கெட்டுக்குள்ள போய் டெலீட்டா கெட்டான்னு படிக்கறதில்லை. மெத்தடுங்கறது டிசிபி ஓடைக்குள்ள முதல் வரியில வர்ற எழுத்து, அவ்வளவுதான். முதல்ல மெத்தட் பேரு, ஒரு இடைவெளி, பாதை, இன்னொரு இடைவெளி, எச்டிடிபி பதிப்பு. அதைப் படிக்கறது மறுமுனையில இருக்கற சர்வர், இல்லைன்னா நடுவுல யாராவது ப்ராக்ஸி (ரெக்வெஸ்ட்டை வாங்கிக் கைமாத்தி விடற சர்வர்) வெச்சிருந்தா அது. ஸ்விட்சுக்கு அது வெறும் பைட்.

இப்போ இன்னைக்கு வந்த சிக்கல். எனக்கு இதுதான் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீட்டிப் பேசறேன்.

உங்க மெஷின் 40-க்கு டிசிபியோட முதல் பாக்கெட்டை அனுப்பப் பாக்குது. ஐபி முகவரி தெரியும், ஆனா வைஃபையில ஃபிரேம் அனுப்ப மேக் முகவரி வேணும். அதனால அந்த பாக்கெட்டை வரிசையில நிறுத்தி வெச்சுட்டு, '192.168.1.40 யாருகிட்ட இருக்கு, 192.168.1.12-க்குச் சொல்லுங்க'ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு ஏஆர்பி கேள்வி விடும். லினக்ஸ் வழக்கமா ஒரு விநாடிக்கு ஒண்ணுன்னு மூணு தடவை கேக்கும். மூணுக்கும் பதில் இல்லைன்னா அந்த வரி 'ஃபெயில்ட்' ஆகும், காத்திருந்த பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டு 'நோ ரூட் டு ஹோஸ்ட்'னு கர்லுக்குச் சொல்லிடும். நீங்க பார்த்த 'சில விநாடி' அந்த மூணு விநாடிதான். உங்க டெலீட் உங்க மெஷினை விட்டே கிளம்பலை. கிளம்பறது இருக்கட்டும், இணைப்பு இல்லாததால கர்ல் அந்த வரியை எழுதவே ஆரம்பிக்கலை.

எவ்வளவு நேரம் கழிச்சு என்ன பிழை வருதுங்கறதைக் கவனிக்கப் பழகுங்க. நெட்வொர்க் பாடத்துல வர்ற ஏழடுக்குப் படத்தை மனப்பாடம் பண்றதை விட இது பத்து மடங்கு உதவும், பரீட்சைக்கு வேணும்னா படத்தையும் படிச்சுக்குங்க. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்'னு சட்டுனு வந்தா மெஷின் உயிரோட இருக்கு, அந்த போர்ட்ல யாரும் இல்லைன்னு அர்த்தம். ஒரு நிமிஷத்துக்கு மேல இழுத்துட்டு 'டைம்டு அவுட்' வந்தா, பக்கத்து மெஷினோட மேக் கிடைச்சிருக்கு, ஆனா டிசிபி பாக்கெட்டை யாரோ சத்தமில்லாம முழுங்கறாங்க. மூணு விநாடி நின்னு 'நோ ரூட்' வந்தா ஏஆர்பிக்குப் பதில் இல்லை. அதே 'நோ ரூட்' ஒரு நொடி கூட நிக்காம வந்தா, மறுமுனை ஃபயர்வால் மறுப்புச் செய்தி அனுப்பியிருக்கலாம். ஒரே வாசகம், ரெண்டு காரணம், நேரம்தான் பிரிச்சுக் காட்டும்.

127.0.0.1 வேலை செஞ்சதுல ஆச்சரியமில்லை. அந்த பாக்கெட் மெஷினை விட்டு வெளியே போறதே இல்லை, அதனால அங்கே யாரையும் தேட வேண்டியதில்லை. சர்வர் புரோகிராம் நல்லா இருக்குங்கறதை மட்டும் அது உறுதிப்படுத்துது.

ரெண்டு மெஷினுக்கும் இன்டர்நெட் வருது, ஆனா ஒண்ணை ஒண்ணு பார்க்க முடியலை. இந்தச் சேர்க்கையைக் கேட்டாலே எனக்கு மூக்கு வேர்க்கும். சர்வர் லேப்டாப் எந்த வைஃபை பேருல இணைஞ்சிருக்குன்னு பாருங்க. விருந்தாளிகளுக்குன்னு தனியா ஒரு பேரு இருந்தா, அதுல இணைஞ்ச மெஷின்களை மத்த மெஷின்கள்கிட்ட இருந்து ரவுட்டர் பிரிச்சு வெச்சிடும். ரவுட்டரோட பேசலாம், மத்தவங்களோட பேச முடியாது. ஏஆர்பி கேள்வி ரவுட்டர் வரைக்கும் வந்து அங்கேயே செத்துடும்.

வெளித்தளம் ஏன் பட்டியல்ல இல்லைங்கறதுக்கும் இதே இடத்துலதான் பதில். மேக் முகவரி உங்க லிங்கை, அதாவது ரவுட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கற உள்வட்டத்தை, தாண்டி எங்கேயும் போகாது. உங்க மெஷின் சப்நெட் மாஸ்க்கை (எந்த முகவரிகள் உள்ளூர்னு சொல்ற அமைப்பு) வெச்சு ஒரே ஒரு முடிவு எடுக்குது: போக வேண்டிய முகவரி நம்ம சப்நெட்லயா, வெளியிலயா? உள்ளேன்னா அந்த முகவரிக்கே ஏஆர்பி. வெளியேன்னா கேட்வேக்கு, அதாவது வெளியே போற வழியான ரவுட்டருக்கு, ஏஆர்பி. நீங்க நூறு தளம் திறந்தாலும் பட்டியல்ல வர்றது கேட்வே ஒண்ணுதான். இதைச் சரியாப் பிடிச்சுக்கிட்டவங்க ரொம்பக் கம்மி, இன்டர்வியூல கேட்டுப் பார்த்திருக்கேன்.

கடைசியா, ஒரே வகையான்னு கேட்டதுக்கு: இல்லை. ஏஆர்பி 1982-ல ஆர்எஃப்சி 826-ல வந்தது, வெப் பிறக்கறதுக்கு முன்னாடி. அதுல 'ஆப்கோட்'னு ஒரு எண் இருக்கும், 1-ன்னா கேள்வி, 2-ன்னா பதில். பாதை கிடையாது, போர்ட் கிடையாது, டிசிபி கிடையாது, ஐபி தலைப்பு கூடக் கிடையாது. ஈதர்நெட்ல ஐபிவி4-க்குப் போகும்போது மொத்தமே 28 பைட்.

---

பின்புறவாசி பதில்:

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். மூன்று இலக்க எண் வந்தால் ஏஆர்பியை மறந்துவிடலாம் என்பது, பதில் சொன்னவர் யாரோ அவர் வரைக்கும்தான் செல்லும். நடுவில் ரிவர்ஸ் ப்ராக்ஸி (சர்வருக்கு முன்னால் நின்று ரெக்வெஸ்ட்டை வாங்கி அதற்கு அனுப்புவது) இருந்து 502 அல்லது 504 (பின்னால் இருப்பவரிடமிருந்து சரியான பதில் வரவில்லை) வந்தால், அந்த எண்ணைச் சொன்னது ப்ராக்ஸி. ப்ராக்ஸிக்கும் பின்னால் இருக்கும் சர்வருக்கும் இடையில் ஏஆர்பி செத்துக் கிடக்கலாம். நான் பார்க்கும் வேலையில் இது வாரம் தவறாமல் வரும்.

இனி மெத்தட் பக்கம். பாடப்புத்தகங்கள் 'கெட் எடுக்க, போஸ்ட் சேர்க்க, புட் மாற்ற, டெலீட் அழிக்க' என்று ஒரு அட்டவணை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்த அட்டவணை பிழையில்லை, ஆனால் முக்கியமான கேள்வியைத் தொடுவதே இல்லை. பதில் வரவில்லை, மறுபடி அனுப்பலாமா? மெத்தட் என்ற பிரிவினை இருப்பதன் பெரும்பயன் எனக்கு இதில்தான் தெரிகிறது.

கெட், ஹெட், ஆப்ஷன்ஸ், ட்ரேஸ் நான்கும் சர்வரில் எதையும் மாற்றக் கேட்பவை அல்ல. 'பாதுகாப்பானவை' என்று வரையறை சொல்கிறது. புட், டெலீட் மாற்றும், ஆனால் ஒரு தடவை அனுப்பினாலும் ஐந்து தடவை அனுப்பினாலும் சர்வரில் மிஞ்சும் நிலை ஒன்றுதான். 7-ஆம் குறிப்பை அழி என்று இரண்டு முறை சொன்னால் அது இரண்டு மடங்கு அழிந்துவிடாது. இந்த ஆறுக்கும், இணைப்பு அறுந்து பதில் தெரியாமல் போனால், கிளையன்ட் தானாகவே மறுபடி அனுப்பலாம். போஸ்ட்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஒரு பகுதியை மட்டும் மாற்றும் பேட்ச்சுக்கும் இல்லை, அது 2010-இல் ஆர்எஃப்சி 5789 வழியாகத் தனியாக வந்து சேர்ந்தது. போஸ்ட் அனுப்பிய பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் பிரவுசர் 'படிவத்தை மறுபடி அனுப்பவா' என்று கேட்பதும், கெட் பக்கத்தில் கேட்காமல் இருப்பதும் இதனால்தான்.

இதை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2005-இல் ஒரு பாடம் கிடைத்தது. கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் என்று ஒரு மென்பொருள் வந்தது. பக்கத்தில் உள்ள இணைப்புகளை நீங்கள் சொடுக்குவதற்கு முன்பே கெட் அனுப்பி எடுத்து வைத்துக்கொள்ளும். கெட் எதையும் மாற்றாது என்ற நம்பிக்கையில் செய்த காரியம். ஆனால் பல தளங்களில் 'அழி' என்பதே ஒரு சாதாரண இணைப்பாக இருந்தது. அது அந்த இணைப்புகளையும் வரிசையாகத் தொட்டது, பயனர்களின் தரவு காணாமல் போனது. மென்பொருளைத் திட்டியவர்கள் நிறைய. நான் தளங்களைத்தான் குறை சொல்வேன்.

கற்றுக்குட்டிக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: எச்டிஎம்எல் படிவத்தால் கெட், போஸ்ட் இரண்டைத்தான் அனுப்ப முடியும். டெலீட் என்று எழுதினால் பிரவுசர் சத்தமில்லாமல் கெட்டாக அனுப்பிவிடும். அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும், வேறு தளத்தின் முகவரிக்கு அனுப்பினால் முன்கூட்டியே ஒரு ஆப்ஷன்ஸ் போகும். அது உங்கள் பதிவேட்டில் தெரிந்தால் பயப்படாதீர்கள்.

---

கற்றுக்குட்டி:

இருவருக்கும் நன்றி. பொறுக்கி அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. ரவுட்டரில் விருந்தாளிகளுக்கான பெயர் ஒன்று இருக்கிறது, அதுவும் அதே 192.168.1 வரிசையில்தான் முகவரி தருகிறது. சர்வர் லேப்டாப்பை வழக்கமான பெயருக்கு மாற்றியதும் வந்துவிட்டது. 'அலவ்' ஹெடரும் பார்த்தேன். பட்டியல் முகவரியில் கெட், ஹெட், போஸ்ட் மட்டும். குறிப்பு எண்ணோடு சேர்த்துக் கேட்டால் கெட், ஹெட், புட், டெலீட். எண்ணோடு டெலீட் அனுப்பினேன், 204 (முடிந்தது, திருப்பித் தர ஒன்றுமில்லை) வந்தது. அதையே மறுபடி அனுப்பினால் 404 (அப்படி ஒன்று இல்லை). முடிவு ஒன்றுதான் என்றால் பதில் ஏன் மாறுகிறது?

இன்னும் இரண்டு. எல்லாம் நன்றாக ஓடும்போதும் 40-க்கு நேராக அடிக்கடி 'ஸ்டேல்' வருகிறதே? பிறகு, ஐபி நெய் பட்டியலில் எஃப்இ80 என்று தொடங்கும் நீளமான முகவரிகளும் இருக்கின்றன. அவற்றை நான் வைக்கவில்லை.

---

பின்புறவாசி:

404 பற்றி மட்டும். ஒன்றாக இருக்க வேண்டியது சர்வரில் மிஞ்சும் நிலை, உங்களுக்கு வரும் பதில் அல்ல. முதல் தடவைக்குப் பிறகு 7-ஆம் குறிப்பு இல்லை, இரண்டாம் தடவைக்குப் பிறகும் இல்லை. அவ்வளவுதான் வரையறை கேட்பது. சிலர் இரண்டாவது தடவைக்கும் 204 கொடுப்பார்கள். எனக்கு 404 பிடிக்கும், ஏனென்றால் எண்ணைத் தவறாகத் தட்டியவருக்கு அது உடனே தெரியும்.

---

ஆறாம்பதிப்பு பதில்:

எஃப்இ80 என் பேட்டை, அதனால் நுழைகிறேன்.

அவை ஐபிவி6 (ஐபியின் ஆறாம் பதிப்பு) லிங்க்-லோக்கல் முகவரிகள், அதாவது அந்த லிங்குக்குள் மட்டும் செல்பவை. ஐபிவி6 இயக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு இன்டர்ஃபேஸும் தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொள்ளும். யாரும் தர வேண்டியதில்லை. ரவுட்டர் கூடத் தன்னை அந்த முகவரியில்தான் அறிமுகப்படுத்திக்கொள்ளும்.

ஐபிவி6-இல் ஏஆர்பி கிடையாது. அந்த வேலையை நெய்பர் டிஸ்கவரி செய்கிறது, 2007-இல் வந்த ஆர்எஃப்சி 4861. இது ஐசிஎம்பிவி6 செய்திகளாகவே போகும் (பிங், பிழை அறிவிப்பு போன்றவை போகும் அதே வகை), ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை எண் உண்டு. ரவுட்டரைத் தேடுவது 133, ரவுட்டர் தன்னை அறிவிப்பது 134, பக்கத்து மெஷினைத் தேடுவது 135, அதற்குப் பதில் 136, வேறு வழியைக் காட்டுவது 137. ஏஆர்பிக்குப் பதிலாக நீங்கள் பார்க்கப் போவது 135-உம் 136-உம்.

அழகான பகுதி, கேள்வி யாருக்குப் போகிறது என்பது. ஏஆர்பி எல்லோரையும் தட்டி எழுப்பும். இங்கே தேடப்படும் முகவரியின் கடைசி 24 பிட்டை எடுத்து ஒரு மல்டிகாஸ்ட் முகவரி (ஒரு குழுவுக்கு மட்டும் போவது) செய்துகொள்வார்கள். முகவரி 12:3456 என்று முடிந்தால், கேள்வி எஃப்எஃப்02::1:எஃப்எஃப்12:3456-க்குப் போகும். ஈதர்நெட்டில் அது 33:33:எஃப்எஃப்:12:34:56. அந்தக் கடைசி 24 பிட் பொருந்தாத மெஷின்களின் நெட்வொர்க் கார்டு பெரும்பாலும் வாசலிலேயே அதை விட்டுவிடும்.

இன்னொரு சாமர்த்தியம். இந்தச் செய்திகளின் ஹாப் லிமிட் 255 ஆக இருந்தே தீர வேண்டும், இல்லையென்றால் வாங்குபவர் தூக்கிப் போட்டுவிடுவார். ரவுட்டரைத் தாண்டும் எந்த பாக்கெட்டுக்கும் அந்த எண் ஒன்றாவது குறையும். ஆக 255 என்று வந்தால் இதே லிங்கில் இருப்பவர்தான் அனுப்பியிருக்க வேண்டும். வெளியிலிருந்து யாரும் பக்கத்து மெஷின் மாதிரி நடிக்க முடியாது. உள்ளே இருப்பவர் பொய் சொல்வதை இது தடுக்காது. அந்த ஓட்டை ஏஆர்பியிலும் உண்டு, இதிலும் உண்டு.

ஒரு வேண்டுகோள். 'பிங் வரக்கூடாது' என்று ஐபிவி4-இல் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்துப் பழகிய கை, ஐபிவி6-இலும் அதையே செய்யும். செய்தால் 135, 136 இரண்டும் சேர்ந்து அடைபடும், ஒரே லிங்கில் இருக்கும் மெஷின்கள் ஒன்றையொன்று மறந்துவிடும். ஐபிவி4-இல் இந்த ஆபத்து இல்லை, ஏனென்றால் ஏஆர்பி ஐபிக்கு மேலே ஏறிப் போவதில்லை.

---

பாக்கெட்_பொறுக்கி:

ஸ்டேல் பத்திச் சொல்றேன், பலரும் அதைப் பார்த்ததும் பதறிப் போய் அழிக்கறாங்க. ஸ்டேல்னா கெட்டுப் போனது இல்லை. 'இந்த மேக் எனக்குத் தெரியும், ஆனா சமீபத்துல உறுதிப்படுத்தலை'ன்னு அர்த்தம். உறுதி பண்ணினது வழக்கமா 15-ல இருந்து 45 விநாடி வரைக்கும் செல்லும். 30 விநாடியை அடிப்படையா வெச்சு, ஒவ்வொரு மெஷினும் கொஞ்சம் கூட்டிக் குறைச்சுக்கும். அது தாண்டினா ஸ்டேல். சும்மா இருக்கற வரைக்கும் ஸ்டேலாவே கிடக்கும், யாரையும் தொந்தரவு பண்ணாது.

நீங்க இப்போ ஒரு கெட் அனுப்பினா என்ன நடக்கும்? லினக்ஸ் தெரிஞ்ச மேக்குக்கே பாக்கெட்டை அனுப்பிட்டு 'டிலே'ங்கற நிலைக்குப் போகும். 5 விநாடி பொறுக்கும். அதுக்குள்ள 40-ல இருந்து டிசிபி ஒப்புகை வந்துட்டா, அதையே ஆதாரமா எடுத்துக்கிட்டு 'ரீச்சபிள்' ஆக்கிடும். ஒரு ஏஆர்பி பாக்கெட் கூடப் போகாது. ஒப்புகை வரலைன்னாத்தான் 'ப்ரோப்', அதாவது தெரிஞ்ச மேக்குக்கே நேரா மூணு தடவை கேட்டுப் பாக்கறது. அதுவும் தோத்தா ஃபெயில்ட். இந்த நிலைகளெல்லாம் ஐபிவி6-க்காக எழுதினது, லினக்ஸ் அதையே ஏஆர்பிக்கும் எடுத்துக்கிச்சு.

கவனிச்சீங்களா? உங்க கெட்டுக்கு வந்த பதில்தான் கீழே இருக்கற பட்டியலைப் புதுப்பிக்குது. எச்டிடிபிக்கு ஏஆர்பியைப் பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா அது தர்ற உயிர்ச்சத்துல இது பிழைக்குது. ரெண்டும் சந்திக்கற முதல் இடம் இது.

ரெண்டாவது இடம் பின்புறவாசி சொன்னது: கீழே இணைப்பு அறுந்து பதில் வரலைன்னா, மேலே மறுபடி அனுப்பலாமாங்கற கேள்வி. அதை நீங்களே செஞ்சு பாருங்க. சர்வர்ல போஸ்ட் வந்ததும் குறிப்பைச் சேமிச்சுட்டு, பதில் அனுப்பறதுக்கு முன்னாடி 10 விநாடி தூங்க விடுங்க. கர்ல்ல அதிகபட்ச நேரம் 5 விநாடின்னு வையுங்க. போஸ்ட் அனுப்புங்க, சேமிச்சதும் சர்வரோட வைஃபையைத் துண்டிங்க. ஒரு டெர்மினல்ல டிசிபிடம்ப் (போய் வர்ற பாக்கெட்டைக் காட்டற கருவி), இன்னொண்ணுல ஐபி நெய்யை விநாடிக்கு ஒரு தடவை ஓடவிடுங்க. எச்டிடிபிஎஸ் வேணாம், வெறும் எச்டிடிபி போதும். அப்பத்தான் மெத்தட் பேரு டம்ப்ல கண்ணுக்குத் தெரியும். எச்டிடிபி 1.1-லயே இருங்க, எச்டிடிபி 2-ல மெத்தட் சுருக்கப்பட்ட ஹெடருக்குள்ள போயிடும்.

---

கற்றுக்குட்டி:

செய்தேன். ஐபி நெய்யை முதலில் காலி செய்துவிட்டுத் தொடங்கினேன். டம்ப்பில் வந்த வரிசை: ஏஆர்பி கேள்வி, பதில், டிசிபியின் மூன்று பாக்கெட், அதற்கப்புறம்தான் போஸ்ட் என்ற எழுத்து. இத்தனை வேலை முடிந்து கடைசியில் வருகிறது அது. கர்ல் 5 விநாடியில் கைவிட்டது. வைஃபையைத் துண்டித்த பிறகும் ஐபி நெய்யில் கொஞ்ச நேரம் ரீச்சபிள் என்றே இருந்தது! சர்வர் அங்கே இல்லவே இல்லை.

வைஃபையை மறுபடி இணைத்துவிட்டு அதே போஸ்ட்டை அனுப்பினேன். பட்டியலில் ஒரே குறிப்பு இரண்டு வரியாக, வேறு வேறு எண்ணோடு. அடுத்து குறிப்பு எண்ணை நானே கொடுத்து புட் வைத்து அதே மாதிரி துண்டித்துச் செய்தேன். ஒரே வரிதான்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் புட் போட்டுவிடலாமே, போஸ்ட் எதற்கு?

---

பின்புறவாசி:

எண்ணைக் கிளையன்ட்டே தீர்மானிக்க முடிந்தால் போடலாம், நானும் போடுவேன். யூயூஐடி மாதிரி மோதாத எண் ஒன்றை கிளையன்ட் உருவாக்கிக்கொண்டால் போதும். ஆனால் வரிசை எண் சர்வரில்தான் பிறக்கும் என்றால், அல்லது நடப்பது ஒரு பொருளைச் சேமிப்பதாக இல்லாமல் ஒரு செயலாக, பணம் அனுப்புவது மாதிரி, இருந்தால், போஸ்ட்தான் வரும். அங்கே வழக்கமான தீர்வு, ஒவ்வொரு செயலுக்கும் கிளையன்ட் ஒரு தனி அடையாளத்தை ஹெடரில் வைத்து அனுப்புவது, மறுபடி முயலும்போதும் அதே அடையாளம்தான். அதே அடையாளம் மறுபடி வந்தால் சர்வர் வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே தரும். அடையாளத்தையும் குறிப்பையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் (இரண்டும் சேர்ந்தே நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது) எழுதுங்கள். தனித்தனியாக எழுதினால், இரண்டுக்கும் நடுவில் புரோகிராம் விழும்போது இதே இரட்டை வரி திரும்ப வரும்.

---

பாக்கெட்_பொறுக்கி:

ரீச்சபிள்னு காட்டினது பொய் இல்லீங்க, பழைய உண்மை. கர்ல் பதிலுக்காகக் காத்துக்கிட்டு இருந்தது, எதையும் அனுப்பலை. அனுப்பறதுக்கு ஒண்ணும் இல்லாதப்போ பக்கத்து மெஷின் இருக்கான்னு கேக்க லினக்ஸுக்கு அவசியமில்லை. சர்வர் துண்டிச்சு இருக்கும்போதே, ஐபி நெய்யை அழிக்காம, இன்னொரு கெட் அனுப்பிப் பாருங்க. டிலே, ப்ரோப் ரெண்டையும் தாண்டித்தான் ஃபெயில்ட் வரும், அதனால பிழை வர இந்தத் தடவை மூணு விநாடிக்கு மேல ஆகும். டம்ப்ல ஏஆர்பி கேள்வி எல்லாருக்கும் போகாம அந்த ஒரு மேக்குக்கே நேராப் போறதும் தெரியும்.